இரண்டாம் நாள், அரை மணி நேரம்

திருப்பதி
18 பிப்ரவரி 2024

தேவி,

விசா வந்துவிட்டது! போன வருஷம் இல்லை என்று கையை விரித்த அதே ஆட்கள், இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சபீனா லட்டை வாயில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்: "ஏங்க்கா, அயர்லாந்துல போயி இன்னா துன்னுவீங்க? அங்க எல்லாம் உருளைக்கெழங்குதானாமே?" என் தங்கச்சி எட்டு வருஷமா அங்கதான் நர்ஸா இருக்கா, அவ துன்றத நானும் துன்னுட்டுப் போறேன் என்றேன்.

போனில் பேசலாம் என்றால் முடிவதில்லை. நான் வாயைத் திறக்கும்போதுதான் கல்யாண வீட்டுக்காரிகள் பிளவுஸ் துணியை என் மூக்குக்கு நேரே ஆட்டுகிறார்கள். நான் கடையைப் பூட்டும்போது நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாய். அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து எழுது. "ஓகே அக்கா" என்று ஒற்றை வரி அனுப்பினால் பயணத்தையே ரத்து செய்துவிடுவேன்.

மே மாதம் வருகிறோம். உங்க மாமாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் பத்து நாள் லீவு கிடைத்ததே பெரிய விஷயம். வீட்டில் சும்மா உட்கார நான் வரவில்லை. காரில் கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு. பழைய கோயில், கோட்டை, எது இருந்தாலும் சரி. படி ஏறுகிற இடம் மட்டும் வேண்டாம். அலிபிரியில் முதல் கோபுரம் தாண்டுவதற்குள் உங்க மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள்.

உன் குட்டி ஹர்ஷினிக்குப் பாவாடை தைத்து மணி வைத்திருக்கிறேன். அளவு கேட்கவில்லை. என் கைக்குத் தெரியும்.

அக்கா
மோகனப்ரியா


கால்வே
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. ஜெயபிரகாஷ் உனக்காகச் சாமியறையைக் கூடக் கழுவிவிட்டார்.

பயணம் மூன்று நாள். முதல் நாள் கால்வேயிலிருந்து கிளம்பி பர்ரன் என்ற பாறைக்காட்டு வழியாகப் போவோம். மண்ணே தெரியாது, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் பாறை. நடுவில் போல்நப்ரோன் என்று ஒரு கல்திட்டை இருக்கிறது. பலமனேர் பக்கம் பாண்டவ குள்ளு என்று நைனா காட்டினாரே, அதே மாதிரி நிற்கும் கற்களின் மேல் ஒரு பலகைக்கல். ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது என்கிறார்கள். அங்கிருந்து மோஹர் பாறைகள், இரவு டூலினில் தங்கல்.

இரண்டாம் நாள் லஹின்ச் தாண்டி அரை மணி நேரம் நிற்போம். பிறகு லூப் ஹெட் கலங்கரை விளக்கம். கில்லிமரில் காரோடு படகில் ஏறி ஆற்றைக் கடந்து டிங்கிள் போய்விடலாம். மூன்றாம் நாள் ஸ்லே ஹெட் கடற்கரைச் சாலை. காலரஸ் என்று சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சின்னக் கோயில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மாமா படி ஏற வேண்டியதில்லை. மழைக்கோட்டு இரண்டு பேருக்கும் கட்டாயம். ஜெயபிரகாஷ்தான் ஓட்டுவார். நான் இப்போது கார் ஓட்டுவதில்லை.

தேவயானி


திருப்பதி
3 மார்ச் 2024

தேவி,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பேஷாக இருக்கிறது. ஆனால் என்னை யார் என்று நினைத்தாய்? இரண்டாம் நாள் அரை மணி நேரம் எங்கே நிற்கிறோம்? மற்ற எல்லா இடத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறாய், இதற்கு மட்டும் இல்லை. சபீனா போனில் மேப்பைப் போட்டு விரலால் பெரிசாக்கி, பெரிசாக்கிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லக்கா. பச்சையா நெலம் கீது. ஒரு மரம் நிக்குது. டீக்கடை கூடக் கெடையாது."

டீக்கடை இல்லாத இடத்தில் அரை மணி நேரம் எதற்கு?

இரண்டாவது, லைசென்ஸ் வாங்கின அன்றைக்கு ஊர் முழுக்கப் போட்டோ அனுப்பினவள் நீ. இப்போது ஏன் ஓட்டுவதில்லை? மாப்பிள்ளையோடு சண்டையா?

மூன்றாவது, கிளம்புவது ராகு காலத்தில் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன். ஏர்போர்ட்டில் பிடுங்கினால் அங்கே வாங்கி வை.

அக்கா


கால்வே
10 மார்ச் 2024

அக்கா,

சண்டை ஏதும் இல்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று அவர் சொல்கிறார். அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குப் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. வயலுக்குள் ஒரு ஊற்று. அதைக் கிணறு என்கிறார்கள். பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு முள்மரம். சனங்கள் ஏதாவது வேண்டிக்கொண்டு துணி கிழித்து, அந்தத் தண்ணீரில் நனைத்து, மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். மரம் முழுக்கத் துணிதான். கைக்குட்டை, ரிப்பன், குழந்தைகளின் காலுறை. முதல் தடவை பார்த்தபோது ஏதோ அம்மன் கோயில் வேப்பமரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் ஊர் நினைப்பு வந்துவிட்டது.

நானும் ஒன்று கட்டியிருக்கிறேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதே. வழியில்தான் இருக்கிறது, ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகணும் போல இருக்கிறது. அதற்குத்தான் அந்த அரை மணி.

உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

தேவயானி


திருப்பதி
2 ஜூன் 2024

தேவி,

வந்து சேர்ந்த உடனே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முகூர்த்த மாதம், கடையில் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது.

உங்க மாமா பார்க்கிறவர்களிடம் எல்லாம் மோஹர் பாறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். "பூமி அங்கயே முடிஞ்சிபோச்சிய்யா, அப்பிடியே கத்தியால வெட்டிவெச்சாப்ல" என்று தடா டோல்கேட்டில் நிற்கிற ஆள்வரைக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அந்தக் கல்கோயில்தான். சாந்து இல்லாமல் இத்தனை மழைக்கு ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லையே!

நீதான் சரியில்லை. சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிங்கிளில் காபிக் கோப்பையைத் தட்டிவிட்டாய். காலரஸில் நிலைவாசலில் இடித்துக்கொண்டாய். என்னடி என்றால் தூக்கமில்லை என்றாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சார்பில் நான் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். ஹர்ஷினி அழுகிறாள் என்று நீ காருக்குப் போய்விட்டாய் அல்லவா? நான் அந்த மரத்தைச் சுற்றி வந்தேன். எத்தனை துணி! அதற்கு நடுவில் ஊதாக் கட்டம் போட்ட துண்டுத் துணி ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகரி தறித்துணி, நான் உனக்குக் கொடுத்தனுப்பிய துண்டிலிருந்து கிழித்தது. பாலியஸ்டர் கலந்தது, மழையில் கிடந்தும் சாயம்கூடப் போகவில்லை.

பிள்ளை வேண்டித்தானே கட்டினாய்? கேட்காதே என்றாலும் அக்காவுக்குத் தெரியாதா? ஆறு வருஷம் காத்திருந்து பெற்றவள். பிள்ளை பிறந்து ஓடி விளையாடுகிறது, நீ முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருக்கிறாய். வேண்டினது கிடைத்தால் அவிழ்க்கணும் என்கிறதுகூட மறந்துபோச்சா? சாமி கடனை வைத்துக்கொள்ளக் கூடாது. நானே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, பையில் போட்டுக்கொண்டேன். போன வாரம் சித்தூருக்கு ஒரு பிளவுஸ் கொடுக்கப் போனபோது புத்தலப்பட்டு ஏரியில் முறைப்படி விட்டுவிட்டேன். ஏரியில் தண்ணீர் இருந்தது, நல்ல சகுனம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் வந்ததிலிருந்து ஊசிக்கண் தெரிய மாட்டேன் என்கிறது. வயசாகிறது.

அக்கா


கால்வே
3 ஜூன் 2024

அக்கா,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டு படித்தேன்.

நம் ஊர் வழக்கம் வேறு. இங்கே கட்டினதை யாருமே அவிழ்க்கக் கூடாது. துணி அங்கேயே கிடந்து மக்கணும். மக்க மக்க நோய் குறையும் என்பார்கள். நடுவில் யாராவது அவிழ்த்தால், கட்டினவரின் நோய் அவிழ்த்தவருக்குப் போய்விடும். கட்டுகிற அன்றைக்கே பக்கத்துப் பண்ணைக்காரம்மா என்னிடம் இதைச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லணும் என்று தோன்றவே இல்லை.

நான் பிள்ளைக்காகக் கட்டவில்லை. போன நவம்பரில் கட்டினேன். என் கண்ணுக்காக. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. வலது பக்கம் நிற்கிற நோயாளி தெரிய மாட்டார். கார் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது டாக்டர்தான், ஜெயபிரகாஷ் இல்லை. ஒரு வருஷம் தாங்கினால் பெரிசு என்றார். வேலையைப் பற்றி யோசிக்கச் சொன்னார். உன்னிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய் என்று சொல்லவில்லை.

இதைக் கேள். நீங்கள் கிளம்பிய மறுநாள் காலையில் எனக்கு ஜன்னலின் இரண்டு பக்கமும் தெரிந்தது. பரிசோதனை செய்தவர் இரண்டு தரம் மெஷினைச் சரிபார்த்தார். குறையே இல்லை என்கிறார். நான் அழுதேன், சந்தோஷத்தில். உனக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

ஊசிக்கண் தெரியவில்லை என்றாயே, உனக்கு எந்தப் பக்கம் மறைக்கிறது? உடனே எழுது.

தேவயானி


திருப்பதி
12 ஜூன் 2024

தேவி,

நான் சொல்லச் சொல்ல சபீனா எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டு.

முதலில் உன்னைத் திட்டுகிறேன். கண்ணை ஏன் மறைத்தாய்? ஊரான் வீட்டுப் பெண்ணா நான்? இத்தனை மாதம் நீ தனியாக அங்கே பயந்துகொண்டு இருந்திருக்கிறாய் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

உனக்குக் குணமானது பெரிய சந்தோஷம். அதை முதலில் எழுது என்று சபீனாவிடம் சொன்னேன். திட்டுதான் முந்திக்கொண்டது.

இனி என் கதை. வலது பக்கம். ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது. மணி வேலை செய்கிற மக்கம் சட்டத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வலப்பக்க மணி கையில் தட்டுப்படுகிறது, கண்ணில் படவில்லை. நேற்று ஒரு மயிலுக்குத் தோகை ஒரு பக்கம்தான் வைத்திருக்கிறேன், சபீனா சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு டாக்டர் பார்த்துவிட்டார்கள். "கண்ணு பாகுந்தி அம்மா, நல்லாத்தான் இருக்கு, காரணம் தெரியல" என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தார் ஒருத்தர். ஊசி வேலை இல்லாவிட்டால் நான் யார்? அது ஒன்றுதான் பயம்.

இன்னொன்று இருக்கிறது. சபீனா எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்று சொல்கிறேன்.

பார்வை போன அந்தப் பக்கம் இருட்டாக இல்லை. சாம்பல் வெளிச்சம். முதலில் புகை மாதிரி இருந்தது. இப்போது தெளிகிறது. வேலிக்கல் தெரிகிறது. ஈரப்புல் தெரிகிறது. கிளையில் கட்டிய துணிகள் என் முகத்துக்கு நேரே ஆடுகின்றன. நான் அந்த மரத்துக்குள்ளிருந்து பார்க்கிறேன், தேவி. இங்கே வெயில் கொளுத்துகிறது, கடையில் ஃபேன் ஓடுகிறது, என் கண்ணின் ஓரத்தில் அங்கே மழை பெய்துகொண்டிருக்கிறது. சில சமயம் வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். எல்லோரும் நனைந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. திங்கட்கிழமை தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து, வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிவிட்டுப் போனார். கட்டும்போது அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நீ ஒன்றும் செய்யாதே. கேட்டாயா? நான் சமாளித்துக்கொள்வேன்.

அக்கா

(தேவயானி அக்கா, நான் சபீனா. அக்கா பேசிக்கினு இருக்கறப்ப அவங்க வலது கன்னம் நெஜமாவே ஈரமா இருந்துச்சி. நான் தொட்டுப் பாத்தேன்.)


கால்வே
20 ஜூன் 2024

அக்கா,

நேற்று ஜெயபிரகாஷை அந்த மரத்தைப் பார்த்துவர அனுப்பினேன். அவர் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. திரும்பி வந்து ரொம்ப நேரம் காரை விட்டு இறங்கவில்லை. சிவப்புக் கைக்குட்டை இருக்கிறது. வெள்ளைப் புள்ளி. வயல் பக்கமாகத் தாழ்ந்த கிளையில்.

இனி எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. நான் கட்டிய துணி உன் ஏரியில் போய்விட்டது, அதை மறுபடி எடுக்க முடியாது. எடுக்க முடிந்திருந்தால் என் நோயை நானே வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் உன் நோய்க்கு உன் துணியைக் கட்டலாம் அல்லவா? நீ இங்கே விட்டுப்போன பச்சைச் சுங்குடிப் புடவை பீரோவில் இருக்கிறது. அதன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்திருக்கிறேன். மன்னித்துவிடு. அது முழுப் பருத்தி, இந்த மழையில் சீக்கிரம் மக்கும்.

ஒன்றும் செய்யாதே என்கிறாய். சின்ன வயசிலிருந்து நீ எனக்குக் கேட்காமலேயே எல்லாம் செய்தாய். ஒரு தடவை நான் செய்கிறேன். நீ ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவருக்கு அன்று டியூட்டி. ஹர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் லஹின்ச் போய் அங்கிருந்து டாக்சி வைத்துக்கொள்வேன். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவோம்.

தேவயானி


திருப்பதி
23 ஜூன் 2024, ஞாயிறு மாலை

தேவி,

பத்துத் தரம் கூப்பிட்டேன். போன் போகவில்லை. பஸ்ஸில் இருப்பாய், அந்தப் பாறைக்காட்டில் சிக்னல் கிடைக்காது. இதைப் பார்த்த உடனே ஹர்ஷினியின் வலது கையைப் பார். கை காலியாக இருந்தால் கோட்டுப் பையைப் பார்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். கண் தெரிகிறது. இரண்டு பக்கமும் தெரிகிறது. அதனால்தான் பயந்துபோயிருக்கிறேன்.

நீ வந்ததை நான் பார்த்தேன். நீல மழைக்கோட்டு, தொப்பியைப் போடவில்லை, தலை நனைந்திருந்தது. என் முந்தானைத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாய். கையெடுத்துக் கும்பிட்டாய். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். உன் பின்னால் அந்த நனைந்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உனக்குத் தெரியவில்லை. குழந்தைக்குத் தெரிந்தது. ஒவ்வொருத்தராக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து, மரத்துக்குக் கீழே நின்று, என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள், தேவி. "பெரிம்மா" என்று சிரித்தாள்.

அந்தப் புடவையை அவளுக்குத் தெரியும். நான் உங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதானே தூங்கினாள்.

வேண்டாம்டி கண்ணு என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அங்கே என் குரல் கேட்கவில்லை. எட்டிப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நீ கண்ணைத் திறந்தாய், அவள் கையை மூடிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். அந்தக் கண்ணில் நான் கடைசியாகப் பார்த்தது உன் தோளுக்கு மேலே தெரிந்த அந்த மூடின கை. அப்புறம் மழை நின்றது, மரம் போனது, என் கடைச் சுவரும் காலண்டரும் தெரிந்தன. சபீனா நூலைக் கொடுத்தாள், ஒரே தரத்தில் கோர்த்தேன். கோர்த்துவிட்டு அழுதேன்.

நான் சொல்கிறபடி செய். துணியை அவளிடமிருந்து பிடுங்காதே. நீயும் தொடாதே, மாப்பிள்ளையும் தொடக் கூடாது. துவைக்காதே, எறியாதே. அவளே வைத்திருக்கட்டும். அவளுக்கு வலது பக்கம் போய் நின்றால் திரும்பிப் பார்க்கிறாளா என்று மட்டும் பார். திரும்பாவிட்டால் பயப்படாதே. அழாதே, அவள் பயந்துவிடுவாள்.

விசாவில் இன்னும் நாள் இருக்கிறது. உங்க மாமா சென்னையிலிருந்து நாளைக்கே டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை ஊர் சுற்ற வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு ஹர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, அங்கிருந்து நேரே அந்த மரத்துக்குத்தான். அந்தத் துணியை அவளேதான் திரும்பக் கட்டணும், ஆனால் குழந்தைக்கு முடிச்சுப் போடத் தெரியாது. அவள் கையைப் பிடித்து நான் போட வைக்கிறேன்.

அவள் கட்டி முடித்ததும் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விடு. திரும்பிப் பார்க்காதே. அவிழ்ப்பது நான்.

அக்கா